இடைவேளை வரை

திங்கள்தோறும் இரவு, அகுரெய்ரி நீச்சல்குளத்து
வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை நால்வர்.
முடியில் பனி. பேச்சில் வெள்ளிக்கிழமைப் படம்.

ஸ்டைனுன் டிரெய்லரிலேயே தீர்ப்பெழுதிவிடுவாள்.
ஓட்னிக்கு மீன் ஆலையில் ராத்திரி வேலை,
எட்டு மாதமாய்த் தியேட்டர் பக்கமே போகவில்லை;
சண்டையில் மட்டும் அவள் குரல்தான் பெரிசு.
ஹ்யால்ட்டி, முடிவைப் போட்டு உடைக்காமல்
துண்டைக்கூட எடுக்கமாட்டான்.
"கொலைகாரன் மாமனார்தான்" என்று ஒருமுறை
படிக்கட்டில் நின்றபடியே சொன்ன பாவி.

இந்த வாரப் படத்தில் ஒருத்தி
நாயையும் காரையும் எடுத்துக்கொண்டு
ஒரு சீட்டுகூட எழுதிவைக்காமல் போய்விடுகிறாள்.

"அப்புறம்?" ஓட்னி கேட்டாள்.
"தெரியாது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்.
பாப்கார்ன் நமுத்திருந்தது."

போன மாதம் அவன் வாசலில்
கார் அளவுக்கு ஒரு செவ்வகம்
பனியில்லாமல் கறுப்பாய்க் கிடந்தது.
பார்த்தேன். கேட்கவில்லை.

ஸ்டைனுன் பாப்கார்ன் விலையைத்
திட்ட ஆரம்பித்தாள், தேவைக்கு மேல் சத்தமாக.
முடிவு வரை பார்த்தவன் நான் ஒருவன்தான்.
வாயை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டேன்.
குமிழிகள் வந்தன.

"சரி, அடுத்த வெள்ளி என்ன ரிலீஸ்?"
அவனேதான் கேட்டான்.