மேலே செல்லவும்

எங்கள் சங்கத்துக்கு வருவதென்றால்
கஸ்தூரியார் வீதி ரைல்ஸ் கடைக்குள் நுழைய வேண்டும்.
குளியலறைப் பூக்களைத் தாண்டி,
கொமட்டுகளின் வெள்ளை வரிசை தாண்டி,
பின்கதவால் இறங்கி,
ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இரும்புப் படி.
மேலே ‘கூட்ட மண்டபம்’ என்று எழுதிய கதவைத்
திறக்க வேண்டாம். அது களஞ்சியம்.
கூட்டம் நடப்பது ‘கணக்குப் பகுதி’யில்.
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெரிந்தவர்கள் போன மாதம் ஆறு பேர்,
செயலாளர் என்னையும் சேர்த்து.
ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர்.

முதல் வருடம் கதிரை காணாமல்
கடைக்காரரின் பெட்டிகளைத் தூக்கி வந்து இருந்தார்கள்.
மிளகாய்த்தூள் பிறேமினி,
ஓட்டோ சீற் தைக்கிற புஸ்பகாந்தன்,
கூல்பார் போட்டு நட்டப்பட்டும்
அடுத்தது என்ன செய்யலாம் என்று வந்த அன்ரன் ஜெயசீலன்.
ஒருவர் கேட்க, மூன்று பேர் ஒரே நேரம் மறுமொழி சொல்வார்கள்.
அதில் இரண்டு பிழை.
எந்த இரண்டு என்பது
சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் விளங்கும்.

பிறகு ஒழுங்கு வந்தது.
நான்தான் கொண்டுவந்தேன்.
பொதிக்குழு செவ்வாய், கடன்குழு புதன்,
ஏற்றுமதிக்குழு இரண்டாம் சனி
(ஏற்றுமதி செய்தவர் எவருமில்லை).
போத்தல் மூடி ஒழுகுது என்று வந்தவளைப்
பொதிக்குழு தரக்குழுவுக்கு அனுப்பியது.
தரக்குழு படிவம் கேட்டது.
படிவம் களஞ்சியத்தில் இருந்தது.
களஞ்சியத்தில் ‘கூட்ட மண்டபம்’ என்று எழுதியிருந்தது.

ஆட்கள் குறையக் குறைய
நான் அம்புக்குறி ஒட்டினேன்.
சிவப்பு அம்பு. நீல அம்பு.
நீல அம்பைத் திருத்த ஒரு பச்சை அம்பு.
மாரி மழையில் ஒரு பக்கம் கழன்ற அம்பு
கார்த்திகை முழுக்க
ஆட்களைக் கழிவறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மாசி முதல் வியாழன்.
‘கோரம் இல்லை’ என்று எழுதிப் புத்தகத்தை மூடி
இறங்கி வந்தேன்.
கடையில் நிற்கிற பெடியன் நிலக்சன்
“அக்கா, இது உங்கடை ஆக்கள்” என்று
பழைய பில் புத்தகம் ஒன்றை நீட்டினான்.

பில்லின் பின்பக்கங்களில்,
வழி தெரியாமல் அவனைக் கேட்டவர்கள்.
பெயர், ஊர், இலக்கம், விசயம்.
‘வசந்தமலர், இளவாலை. நன்னாரி சர்பத். மூடி ஒழுகுது.
உள்மூடி போடச் சொன்னன்.’
‘கொடிகாமம். பேர் சொல்லேல்லை. மாம்பழம் காயவைக்கிறார்.
மெசின் வாங்கலாமோ எண்டார். தெரியாது எண்டன்.’
‘ஊர்காவற்றுறை. நண்டு. ஐஸ்.’
அவ்வளவுதான், ஐஸ்.
அதன் கீழே வேறொரு மையில்:
‘திரும்ப வந்தவர். மேலை பூட்டு. பிளேன்ரீ வாங்கிக் குடுத்தன்.’

எழுபத்தொரு பேர்.
என் வரவுப் புத்தகத்தில் ஒருவரும் இல்லை.
‘எங்கடை சனத்துக்கு ஊக்கம் காணாது’ என்று
தைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தவள் நான்.
நகலெடுத்து ஒட்டியும் விட்டேன்.
எங்கே ஒட்டினேன்?
மேலே.

ரைல்ஸ் பெட்டியொன்றில் இருந்து
இலக்கங்களை அழுத்தினேன்.
முதலாவது பாவனையில் இல்லை.
இரண்டாவது, மாம்பழக்காரர்.
எல்லாத்தையும் விட்டுப்போட்டு
வவுனியாவில் செக்கியூரிற்றி வேலையாம்.
கோபப்படவில்லை.
அதுதான் சுட்டது.

மூன்றாவது
நெடுநேரம் அடித்து,
கடற்காற்று இரைச்சலுக்குள் ஒரு குரல்:
“சங்கமோ? அது இன்னும் இருக்கோ?”

நிலக்சன் கல்குலேற்றரைத் தட்டுவதை நிறுத்தினான்.

“ஓம்.”

“எங்கை?”

பின்கதவு திறந்திருந்தது.
படி தெரிந்தது, என் மூன்று நிற அம்புகளும்.
“றோட்டிலை நிண்டு பாத்தாலே தெரியும்,” என்றேன்.
“நீங்கள் முதலிலை
ஐஸிலை என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ.”