கண்ணாடி வாங்க வந்தவர்

தார்கான் நகரம். ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கதவைத் தள்ளிக்கொண்டு வந்த சோய்ஜில்சுரேனின்
மீசை முழுக்கப் பனிப்பொருக்கு.
"கண்ணாடி வேணும்.
மீட்டர்ல எண்ணெல்லாம் கலங்கித் தெரியுது."

அனல்மின் நிலையத்தில் கொதிகலன் ஆள்.
இருபத்தாறு வருடமாக
ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை.
முள் சிவப்பை நெருங்கினால் வால்வைத் திறக்க வேண்டும்.
"ஒரு தடவைகூடத் தொடவிட்டதில்ல" என்றார்
தாடையைத் தாங்கியில் வைத்தபடி.

கண்மணிக்குள் வெளிச்சம் விட்டேன்.

தோலைக் கிழிக்காமல்
இரத்தக் குழாயை நேரில் பார்க்க
உடம்பில் இந்த ஒரு ஜன்னல்தான்.
நான் டாக்டர் இல்லை, கண்ணாடிக்கடைக்காரி.
ஆனாலும் தெரிந்தது:
செம்புக் கம்பியாய் மினுங்கும் தமனிகள்,
அவை மேலேறிக் கடக்குமிடத்தில்
லாரி ஏறிய ரப்பர் குழாய்போல்
நசுங்கிக் கிடக்கும் சிரை,
ஓரத்தில் நாலைந்து சிவப்புக் கீற்று
யாரோ தீக்குச்சி உரசிப் பார்த்த மாதிரி.

"தலைவலி உண்டா?"
"இல்ல."
"மூச்சு வாங்குமா?"
"மாடி ஏறினா யாருக்குத்தான் வாங்காது?"
"ராத்திரி எழுந்து போவீங்களா?"
"மூணு தடவ. டீ ஜாஸ்தி."
உப்புப் போட்ட பால் டீ.
பையிலிருந்து பிளாஸ்க் எட்டிப் பார்த்தது.

கண்ணிலேயே இப்படி என்றால்
சிறுநீரகத்தின் நூல்முடிச்சுகள்
எப்படி இருக்கும்?
இறக்கிவைக்க ஆளில்லாத மூட்டையைச் சுமந்து சுமந்து
இதயத்தின் இடச்சுவர் தடித்திருக்கும்.
தடித்ததைப் பலமென்று
அது நம்பிக்கொண்டிருக்கும்.

கையில் பட்டையைச் சுற்றினேன்.
உப்பி, நின்று, பெருமூச்சு விட்டு இறங்கியது.
இருநூற்றெட்டு.
சற்றுப் பொறுத்து மறுபடி.
இருநூற்றுப் பதினொன்று.

அவர் என்னைப் பார்க்கவில்லை,
எண்ணைப் பார்த்தார்,
தொழில் தெரிந்தவன் பார்க்கும் பார்வை.
பிறகு மெதுவாக:
"இதுக்கு வால்வு எங்க இருக்கு?"

எதிர்ச்சாரி ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன்.
நடக்க வேண்டாம், வண்டி வரும் என்றார்கள்.
காத்திருந்த பதினோரு நிமிடத்தில்
பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்,
பழுப்பு, அகலக் காது.
முன்பணம் தருவேனென்று ஒரே பிடிவாதம்.
ரசீதில் பெயரை எழுதும்போது
இடது கைவிரல்கள் மரத்திருப்பதை
குளிர் என்றார்.

பிளாஸ்க் மேசைமேல் இருந்தது.
மறந்தாரா, விட்டுப்போனாரா தெரியவில்லை.
சாயங்காலம் திறந்தேன்,
இன்னும் ஆவி பறந்தது.
ஒரு வாய் குடித்தேன்.
நல்ல உப்பு.