தாடைப்பட்டை

வெள்ளை ஹெல்மெட் கிடைத்துப் பதினொரு நாள்.
அதற்கு முன் ஒன்பது வருடம் நீலம்.
ஜுபைல் வெயிலில் வெள்ளைக்குச் சூடு குறைவு என்பார்கள்.
எனக்கு அதற்குள்தான் தலை கொதித்தது.

பெல்ட் ஸ்லிங்கின் ஓரத்தை விரலால் தடவி
"ருக்கோ சாப், நூல் பிரிஞ்சிருக்கு" என்றான் தாமாங்.
கிரேன் நின்றது.
கேபினிலிருந்து சர்வர் கான் என்னைப் பார்த்தார்.
பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.
கிளையண்ட்டின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பச்சை டேப் ஒட்டியிருக்கா, இல்லையா?"
"இருக்கு சாப். ஆனா..."
"நீ வந்து எத்தனை வருஷம்?"

ஸ்லிங்கிடம் கேட்க வேண்டிய கேள்வியை
ஒரு மனிதனிடம் கேட்டேன்.

மூன்றரை டன் குழாய் ஏறியது.
இறங்கியது.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததுதான்
என்னை அறிவாளி ஆக்கிவிட்டது.

மறுநாளிலிருந்து தளத்தில் நல்ல அமைதி.
ஆபத்துச் சீட்டுப் பெட்டியை மாதக் கடைசியில் திறந்த எஞ்சினியர்
உள்ளே தூசியைத் தவிர எதையும் காணாமல்
"உங்க டீம் சுத்தம்" என்று தோளைத் தட்டினார்.
வாசல் பலகையில்
விபத்தில்லா மணிநேரங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

மெஸ்ஸில் நான் தட்டோடு உட்கார்ந்தால்
பேச்சு நின்றுபோகும்.
அதுதான் உறுத்தியதோ என்னவோ,
ஒரு ராத்திரி டார்ச்சோடு ஸ்டோருக்குப் போனேன்.
பச்சை டேப் பளிச்சென்று இருந்தது.
அதற்கு ஒரு சாண் தள்ளி, மடித்தால் மட்டும் தெரியும்படி,
பாதி அகலத்துக்கு வெட்டு.
மூன்று வாரத்தில் எத்தனை தடவை தூக்கியிருப்போம்?
நாற்பதில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

காலை நாலரை, டூல்பாக்ஸ் மீட்டிங்.
ஸ்லிங்கை டிரம்மின் மேல் போட்டு
"கல்தி மேரா" என்றேன்.
அந்த ஹிந்தியிலும் ஒரு தப்பு இருந்தது.
அதைக்கூட யாரும் திருத்தவில்லை.
தாமாங் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
சூப்பர்வைசர் தணிந்து பேசினால்
பின்னால் ஏதோ இருக்கும் என்று
அவர்களுக்கு யாரோ கற்றுத் தந்திருக்கிறார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நாள்,
தூக்குவதற்குச் சற்று முன்,
அத்தனை பேர் முன்னாலும்:
"சாப்."
"என்ன?"
"தாடைப்பட்டை போடலை."

சர்வர் கான் காத்திருந்தார்.
கிளையண்ட்டின் ஆளும்.
வேர்வையில் கொக்கி ஒருமுறை வழுக்கி
இரண்டாம் தடவைதான் மாட்டியது.

அதைச் சரிபார்த்துவிட்டு
தாமாங் கையை உயர்த்தினான்,
தூக்கலாம் என்று.