இருபத்திரண்டு அங்குலம்

தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து
இருபத்திரண்டு அங்குலம்.
டேப்பை இழுத்து அளந்தான் பெள்ளிராஜ்.
பிறகு, யாரும் சொல்லாமலே,
அவருடைய முழங்காலையும் அளந்தான்.

கோத்தகிரியில் ஜனவரி.
கீழ்ச்சரிவுத் தேயிலையைப் பனி கருக்கியிருந்தது.
குழாயைத் திறந்தால் முதலில் இருமல்,
பத்து மணிக்கு மேல்தான் தண்ணீர்.

ஏலத்தில் வந்த தொட்டி அது.
எஸ்டேட் பங்களாவைப் பிரித்து விற்றபோது
ஊரெல்லாம் தேக்கு மேஜைக்குக் கை தூக்க
சற்குணம் மட்டும் எழுநூறு ரூபாய்க்கு
நான்கு சிங்கக் கால்களை வாங்கிவந்தார்.
ஆறு பேர் சுமந்தார்கள்.
அவர்களுக்குச் சோறு போட்டவள் நான்.

முப்பத்துநான்கு வருடம்,
ஞாயிறு ஆராதனைக்கு முன்னால்
கழுத்துவரை வெந்நீரில் கிடந்து பேப்பர் படிப்பார்.
நனைந்த தாள்களை
அடுப்படிக் கொடியில் காயப்போடுவேன்.
விலைவாசி எல்லாம்
கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

மகள் வீடியோவில் வந்தாள்:
"டாடி, தடுப்பே இல்லாத ஷவர்.
நேரா நடந்துபோய் நிக்கலாம்.
வழுக்காத டைல்ஸ், கைப்பிடி. பணம் நான் அனுப்புறேன்."
"நின்னுக்கிட்டுக் குளிக்கறது
மழையில மாட்டிக்கிட்ட மாதிரிம்மா."
"படுத்துக் குளிக்கறது மட்டும்?"
அவர் என்னைப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியாது,
போன மாதம் ஒரு சனிக்கிழமை.
உள்ளேயிருந்து என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்,
கிரேஸ் ரூபாவதி,
ரேஷன் கடையில் கூப்பிடுவது போல.
இடது கால் சொன்னதைக் கேட்கவில்லை.
வலது கால் வழுக்கியது.
நான் நாற்பத்தெட்டுக் கிலோ.
அவர் எழுபத்தொன்பது, சோப்பு சேர்க்காமல்.
"யாரையும் கூப்பிடாதே."
கூப்பிடவில்லை.
அடைப்பைப் பிடுங்கினேன்.
தண்ணீர் இறங்க இறங்க அவர் கனத்துக்கொண்டே வந்தார்.
இரண்டு கம்பளி, என் ஸ்வெட்டர், சோபாத் திண்டு.
வெறும் தொட்டிக்குள் உட்கார்ந்து
டீ குடித்தார், சர்க்கரை குறைவு என்றார்.

பன்னிரண்டரைக்கு வந்த சிலிண்டர் பையன்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அக்குளில் கைகொடுத்து, ஒரு பக்கம் சாய்த்து,
தன் தொழில் தெரிந்தவனாகத் தூக்கி நிறுத்தினான்.
இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான்.

"காலைக் கழட்டிட்டா
சுலபமா வெளிய வந்துரும், அய்யா,"
என்றான் பெள்ளிராஜ், தொட்டியைப் பார்த்தபடி.
சற்குணம் சிரிக்க ஆரம்பித்து
இருமலில் போய் முடிந்தார்.

ஷவரா, தொட்டியா என்று
ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.
நான் அந்தத் தொட்டியில் ஒருநாளும் குளித்ததில்லை.
பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.
போர்வைகளை மிதித்துத் துவைத்திருக்கிறேன்.
எனக்கு அதன் பக்கத்தில்
பச்சைப் பக்கெட், முக்காலி, காது உடைந்த மக்.
எத்தனை மக், எவ்வளவு சூடு,
எப்போது போதும் என்பதெல்லாம் என் கையில்.

"ஒருநாளுமா?" என்றார்.
"ஒருநாளும்."
"எனக்குத் தெரியவே தெரியாதே."
"கதவைச் சாத்திக்கிட்டுத்தானே குளிச்சேன்."

நெடுநேரம் பேப்பரை மடித்தார்.
பிறகு பெள்ளிராஜிடம்:
"ஷவரே போடு.
கீழ ஒரு குழாயும் வை,
பக்கெட் உயரத்துக்கு."

தொட்டி இப்போது பேரி மரத்தடியில்.
கால்களைத் திரும்ப மாட்டச் சொல்லி
கூடவே நின்றார்.
மழைத்தண்ணீர், இலைகள், ஒரு தவளை.
இரவில் காட்டெருமை வந்து குடித்துவிட்டுப் போகிறது.
விளிம்பில் எச்சில், மண்ணில் குளம்பு.
அதற்கு அந்த உயரம் சரியாக இருக்கிறது போல.

கைப்பிடியை முறுக்கி முடிக்கையில்
பெள்ளிராஜ் கண்டிப்பாகச் சொன்னான்:
இதில் துண்டு போடக் கூடாது,
பிடிக்க மட்டும்தான்.

விடியற்காலையில் அந்த எஃகு
கையில் ஒட்டுகிற குளிர்.
நான் துண்டு போடுகிறேன்.
அவர் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்.