இருள், 212 செ.மீ.

அலை ஒரு சாண் நீளம்.
எண்சாண் உடம்போடு ஆரியங்காவுக் காட்டில் நிற்கிற நான்
அதற்கு எட்டு அலை, அவ்வளவுதான்.

விடியுமுன் கடந்துபோயிற்று செயற்கைக்கோள்.
மேகத்தைக் கேட்கவில்லை, நிலாவைக் கேட்கவில்லை.
இலையைச் சட்டைசெய்யாமல் நுழைந்து
கிளையில் பட்டு, அடிமரத்தில் பட்டு,
மண்ணில் இடறித் திரும்பிய கொஞ்சத்தை
வாரிக்கொண்டு போய்விட்டது.
மீதிக்கு நாங்கள்:
நாடா பிடிக்கச் செங்கோட்டை இசக்கிதுரை,
மரத்துக்குப் பேர் சொல்ல வாச்சர் ஓமனா,
அட்டைக்கு மூக்குப்பொடி,
எழுத நான்.

ரேடார் படத்தில் மாநில எல்லை இல்லை.
அந்தப் பக்கம் சாரல்;
இந்தப் பக்கம் ராத்திரி முழுக்க அடைமழை.
நனைந்த காடு பளிச்சென்று எதிரொலித்து
இல்லாத எடையைக் காட்டும்.
மலைச்சரிவோ
கோளின் பக்கமாய்ச் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.
இதையெல்லாம் திருத்தக் கணக்கு உண்டு.
ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை:
ஓர் அளவுக்கு மேல் காடு அடர்ந்துவிட்டால்
அலைக்கு எல்லாம் ஒன்று.
நூற்றைம்பது டன்னும் நானூறு டன்னும்
ஒரே சாம்பல்.

மார்பளவு உயரத்தில் நாடா சுற்றினோம்.
"இருள்" என்றார் ஓமனா.
மழை திரும்ப வருகிறதா என்று
வானத்தைப் பார்த்தான் இசக்கிதுரை.
"மரத்தின்டெ பேரா" என்று சிரித்தார்.
தாளில் எழுதினேன்: இருள், 212.

வைரம் பாய்ந்த ஜாதி, கோடரியே துள்ளும்.
சூத்திரத்தில் போட்டால்
ஒற்றை மரம் நாலே முக்கால் டன்.
அதில் ஏறக்குறையப் பாதி கரி.

ஓமனா விரல் மடக்கித் தட்டினார்.
தொம்.
இன்னொரு பக்கம் தட்டினார்.
தொம், தொம்.
உள்ளே எதுவோ பிராண்டிக்கொண்டு
கீழிருந்து மேலே ஏறியது.
உடும்போ, மரநாயோ.
மூன்று பேரும் காதை வைத்துக் கேட்டோம்;
ஈரப்பட்டையில் கன்னம் கறுத்தது.

படிவத்தில் பொந்துக்குக் கட்டம் கிடையாது.
வானத்துக்கு இது முழு மரம்,
சூத்திரத்துக்கும்.
"அப்போ காத்தையும் எடை போட்டு
எழுதிருவீங்களா மேடம்?"
என்று கேட்டான் இசக்கிதுரை.
காற்றில் இருக்கிற கரியை
மரத்தில் தேடத்தான் வந்திருக்கிறோம் என்று
அவனுக்குச் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

ஓரத்தில் 'குறிப்பு' என்று விரலகலப் பத்தி.
பென்சிலை நாக்கில் தொட்டு
'உள்ளே ஆள் உண்டு' என்று எழுதினேன்.

பிறகு பதினெட்டாவது மரம், வெண்தேக்கு.
தட்டிப் பார்த்துவிட்டுத்தான்
நாடாவை எடுத்தான் இசக்கிதுரை.