அதிகபட்சம்

இரவு விடுதிக்கு ஒரு எக்செல் தாள்
சும்மா செய்து கொடுத்திருந்தேன்.
கட்டிலுக்கொரு டிக் பெட்டி,
போர்வை அளவுக்குக் கீழே விரியும் பட்டியல்,
மேலும் கீழும் அம்பு வைத்த
சின்னஞ்சிறு எண் பொத்தான்.
அழுத்தினால் ஒன்று கூடும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு ரைலி அழைத்தாள்:
"நாற்பதுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது."
தம்பெரேயில் அன்று
உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு.
யாரோ வந்திருக்கிறாராம்,
ஒற்றைக் கையுறையோடு.

"கட்டில் நாற்பதுதானே?" என்றேன்.
பதிலில்லை.
பெஞ்சு இழுபடும் சத்தம்.

"ஆளுக்கு இடமாகிவிட்டது.
எண்ணுக்குத்தான் இல்லை.
காலையில் ரொட்டி
எண்ணைப் பார்த்துத்தான் வரும்."

மடிக்கணினியைத் திறந்தேன்.
அதிகபட்சம் = 40.
நான் எழுதியதுதான், போன அக்டோபரில்,
காபி ஆறுவதற்குள்.
அதற்கடியில் செய்திப் பெட்டி:
'இடமில்லை!'
ஆச்சரியக்குறி வேறு.

நாற்பத்தொன்று என்று மாற்றினேன்.
கொஞ்சம் யோசித்து
தொள்ளாயிரம் என்று மாற்றி
அனுப்பினேன்.

"ஏறிவிட்டது" என்றாள் ரைலி.
பிறகு, என்னிடம் அல்ல:
"பூட்ஸைக் கழற்றுங்கள்,
இந்தப் பக்கம் சூடு வரும்."