பந்திக்கு முந்திய சிலிண்டர்

கழற்றிய கார்புரேட்டர் ஜன்னலோரம்
ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில்
இன்னும் பெட்ரோல் நாறிக்கொண்டிருக்கிறது.
அதன் இடத்தில் இரண்டு இன்ஜெக்டர்கள்,
டெலித் தானே பற்றவைத்த ஒரு கறுப்புப் பெட்டி.

எழுபத்து நான்காம் வருடத்து மினி.
பிறவியிலேயே ஒரு கோணல்:
இரண்டு சிலிண்டருக்கு ஒரே தொண்டை.
முதலில் திறப்பது
காத்திருந்த பெட்ரோலை வழித்துக் குடித்துவிடும்;
பந்திக்குப் பிந்தியதற்கு
வெறுங்காற்று.

பார்மத் மலைச்சாலையில் அவள் ஓட்டுகிறாள்.
என் மடியில் லேப்டாப்,
பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள்.
கராஜ் வாடகைச் சண்டைக்குப் பிறகு
நாங்கள் பேசிக்கொள்வது எண்களில்தான்.

"பதினாறு."
"காற்று அதிகம். கூட்டு."
"பதிமூன்று."
"விடு."

மேட்டில், மூடுபனியில்,
மூன்றாம் கியரில் வண்டி இருமியது.
"ஒரே பீய்ச்சல் வேண்டாம், எய்லீர். ரெண்டாப் பிரி.
அவரவர் கதவு திறக்கும்போது
அவரவருக்கு."

இன்ஜினைத்தான் சொன்னாள்.
விரல் விறைத்திருந்தது எனக்கு.
இரண்டாகப் பிரித்தேன்,
பிந்தியதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்,
ஒரு வளைவு,
இன்னொரு வளைவு,
இருமல் எங்கே நின்றதென்று
இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சாலையை மறித்து செம்மறிகள்.
நிறுத்தினாள். ஆயிரத்தில் நின்றது முள்,
ஆடவில்லை.
பிளாஸ்க்கில் ஒரு மூடி தேநீர்தான் மிச்சம்.
முதலில் என்னிடம் நீட்டினாள்.
சரிபாதியில் நிறுத்தினேன்.

வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"சேவ் பண்ணிட்டியா?"

பேட்டரி நாலு சதவீதம்.